சுவரில் வளரும் பாசியை டெரேரியத்தில் வளர்க்கலாமா?

புதுச்சேரியில் வீட்டு மதிலில் படரும் பாசியை எடுத்து டெரேரியத்தில் (செடி வளர்க்கும் கண்ணாடி ஜாடியில்) வைக்கலாமா, அது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் காலை வழுக்கிவிடும் வழவழப்பான பச்சைப் படலம் வேண்டாம், அது ஆல்கா. நமக்கு வேண்டிய பாசியை (ஆங்கிலத்தில் moss) லென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டித் தண்டும் இலைகளும் தெரியும்.

சுண்ணாம்புச் சுவர், சிமெண்ட் மதிலில் பரவலாக இருப்பது ஹயோஃபிலா. காய்ந்தால் இலை ஓரம் உள்பக்கம் சுருண்டுகொள்ளும், தண்ணீர் தெளித்தால் சீக்கிரமே விரிந்துவிடும். தென்னை மரத்தில் வெளிறிய, கிட்டத்தட்ட வெள்ளைப் பச்சையாக இருந்தால் ஆக்டோபிளெஃபாரம். நிழலான ஈர மண்ணில், இலைகள் இரண்டே வரிசையாகச் சின்ன இறகு மாதிரி இருந்தால் ஃபிசிடென்ஸ். என் ஓட்டு இதற்குத்தான், ஈரத்தில் இருந்து பழகியது. சுவர்ப் பாசி காய்ந்தும் நனைந்தும் வாழ்வது. மூடிய ஜாடியில் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் அழுகும். மூடியை அவ்வப்போது திறந்து வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் செழித்திருக்கும்போது, அடியில் ஒட்டிய மண்ணோடு கொஞ்சமாகப் பெயர்த்தெடுங்கள். பாசிக்கு வேர் கிடையாது, அதனால் ஈர மண்மேல் அழுத்தி வைத்தாலே போதும். உரம் வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளை படியும், மழைத்தண்ணீர் பிடித்து வைத்துத் தெளியுங்கள். அப்புறம், வெயில் நேராக விழும் ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாம். மூடிய ஜாடிக்குள் பாசி வெந்தே போய்விடும்.