130 கிலோ எடைக்கு ஒரே ஊசி போதுமா?

கேள்வி: என் அண்ணன் 130 கிலோ எடை. அடுத்த வாரம் குடலிறக்க ஆபரேஷன். கிருமித் தொற்று வராமலிருக்க முன்கூட்டியே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி, எடை அதிகம் என்பதால் 3 கிராம் என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னார். அவ்வளவு தேவையா? அப்புறம் ஒரு வாரமாவது மாத்திரை வேண்டாமா?

பதில்: அவர் சொன்னது சரிதான். இதற்குப் பெரும்பாலும் போடுவது செஃபசோலின், பெரியவர்களுக்கு வழக்கமாக 2 கிராம்; 120 கிலோவும் அதற்கு மேலும் இருந்தால் 3 கிராம் என்கிறது 2013இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். கத்தி வைக்கும் நேரத்தில் தோலிலும் அதன் அடியிலுள்ள கொழுப்பிலும் மருந்து போதுமான அளவு இருக்க வேண்டும், ஆனால் கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு, இந்த மருந்தோ நீரில் கரைகிற வகை, அதனால் பருமனானவர்களுக்கு அங்கே போய்ச் சேருவது குறைந்துவிடுகிறது. 2 கிராமே போதும் என்பவர்களும் உண்டு, ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒரு தடவை ஒரு கிராம் கூடுவதால் பெரிய கெடுதல் இல்லை, தையல் சீழ் பிடித்தால் படும் பாடு பெரிது, அதனால் நான் 3 கிராம் பக்கம்தான்.

அதற்காக எல்லா மருந்தையும் எடைக்கு எடை கூட்ட முடியாது. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை முழு எடைக்கும் கணக்குப் போட்டால் சிறுநீரகமும் காதும் கெடலாம். உயரத்துக்கு ஏற்ற எடையோடு மிகுதியில் 40 சதவீதத்தை மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கோ உண்மையான எடையேதான் கணக்கு.

அளவைப் போலவே நேரமும் முக்கியம். செஃபசோலினைக் கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆபரேஷன் நீண்டு, ஊசி போட்டு 4 மணி நேரம் ஆகிவிட்டாலோ, ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலோ அங்கேயே இன்னொரு தடவை.

மாத்திரை வேண்டாம். காயத்தை மூடிய பிறகும் தடுப்பு ஆன்டிபயாடிக்கைத் தொடர்வதால் தொற்று குறைவதில்லை, வயிற்றுப்போக்கும் மருந்துக்கு மசியாத கிருமிகளும்தான் மிச்சம். உலக சுகாதார நிறுவனமும் 2016இலேயே தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது, அண்ணனை ஆஸ்பத்திரியிலேயே எடை பார்க்கச் சொல்வது. வெட்கப்பட்டு 110 என்று சொல்லிவிட்டால் அந்தக் கணக்கில்தான் மருந்து போகும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் அப்போது என்ன ஆனது, தடிப்பா, மூச்சுத் திணறலா, வெறும் வயிற்றுப்போக்கா என்று விவரமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அவர்களிலும் பலருக்கு செஃபசோலின் போடலாம்.