எட்டரைச் சுற்று: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எனக்கு வயது 46. மூஞ்சிக்கல்லில் மளிகைக் கடை நடத்துகிறேன். சர்க்கரைக்காக மருத்துவர் நடக்கச் சொன்னார். நடை ஓட்டமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வர எனக்கு 36 நிமிடம் ஆகிறது. இரவில் கடையை அடைத்துவிட்டு, கெல்வின் கிப்டம் சிகாகோவில் ஓடிய மாரத்தான் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "அவர் ஓட்டத்துக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கல்லூரியில் படிக்கும் மகன் சிரிக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?
— வாசகர், மூஞ்சிக்கல்

பதில்: சம்பந்தம் இருக்கிறது; அதை உங்கள் ஏரிச்சாலையிலேயே அளந்து காட்டலாம். கென்யாவைச் சேர்ந்த கிப்டம், 2023 அக்டோபர் 8 அன்று 42.195 கிலோமீட்டரை 2 மணி நேரம் 35 விநாடியில் ஓடி முடித்தார். ஏரிச்சாலையின் சுற்றளவு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் என்பதால், அந்த வேகத்தில் ஓடுபவர் ஒரு சுற்றை 14 நிமிடம் 17 விநாடியில் முடித்துவிடுவார். நீங்கள் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவர் இரண்டரைச் சுற்று முடித்திருப்பார். அவருக்கு வேண்டியதோ ஏறக்குறைய எட்டரைச் சுற்று.

ஆனால் இந்தக் கணக்கு மட்டும் யாருக்கும் உடம்பில் உறைக்காது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது, படம் பிடிக்கும் வண்டியும் அதே வேகத்தில் கூடவே போவதால், ஓடுபவர் ஏதோ காலைக் காற்று வாங்கப் போகிறவரைப் போலத் தோன்றுகிறார். முகத்தில் சுளிப்பு இல்லை, தோளில் இறுக்கம் இல்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில், ஏரிச்சாலையில் சமமாக இருக்கும் ஒரு பகுதியில் 200 மீட்டரை நாடாவால் அளந்து, இரு முனைகளிலும் சுண்ணாம்புக் கோடு போட்டேன். கிப்டமின் சராசரி வேகத்தில் அந்தத் தொலைவை 34 விநாடியில் கடக்க வேண்டும். முதல்முறை 33 விநாடியில் ஓடிவிட்டேன். அந்தப் பெருமை, ஏரியோரக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்ற இரண்டு நிமிடத்தில் கரைந்துபோயிற்று, வாடகைக் குதிரையைக் கையில் பிடித்திருந்த பையன், "சார், தண்ணி வேணுமா?" என்று கேட்டான். ஐந்து நிமிடம் இளைப்பாறிவிட்டு மறுபடியும் ஓடினேன், 41 விநாடி. மூன்றாவது முறைக்கு மனம் ஒப்பவில்லை.

மாரத்தான் தொலைவில் அப்படிப்பட்ட 200 மீட்டர்த் துண்டுகள் 211 இருக்கின்றன. கிப்டம் அத்தனையையும் ஒரு மூச்சும் நிற்காமல் ஓடியதோடு, முதல் பாதியை 60 நிமிடம் 48 விநாடியிலும் இரண்டாம் பாதியை 59 நிமிடம் 47 விநாடியிலும் ஓடினார். களைத்திருக்க வேண்டிய பாதியில் வேகம் கூடியிருக்கிறது என்பதை, அந்தக் கம்பி வேலியைப் பிடித்து நின்ற பிறகுதான் நான் சரியாகப் படித்தேன். சரளி வரிசையைத் தப்பும் தவறுமாகப் பாடிப் பழகியவர் கச்சேரியில் ஒரு சங்கதியைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவது போன்றது இது. பழகாதவர் அதே நேரத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகனிடம் வாதிட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூர் வண்டிகள் வருவதற்கு முன், 200 மீட்டரை அளந்து அவனை ஓடச் சொல்லுங்கள். நிறுத்துகடிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும்.

நீங்கள் பார்க்கும் அந்த மனிதர் 2024 பிப்ரவரியில், 24 வயதில், சாலை விபத்தில் இறந்துபோனார். அதனால்தானோ என்னவோ, அந்தக் காணொளியை என்னாலும் ஒருமுறையோடு நிறுத்த முடிவதில்லை.

கேள்வி: சாதனையாளர்கள் எல்லாரும் அதையே தொழிலாகக் கொண்டவர்களாக இருக்கிறார்களே! வேலைக்குப் போய், குழந்தை வளர்த்து, இடையில் ஓடுகிறவர்கள் யாரும் இல்லையா?
— ஆசிரியை, தாண்டிக்குடி

பதில்: இருக்கிறார்கள் அம்மா. பிரிட்டனைச் சேர்ந்த ஜாஸ்மின் பாரிஸ் ஒரு கால்நடை மருத்துவர். இரண்டு குழந்தைகளின் தாய். 2019 ஜனவரியில், இங்கிலாந்தின் மலைத்தொடர் ஒன்றின் வழியே குளிர்காலத்தில் நடைபெறும் ஸ்பைன் பந்தயத்தில், 430 கிலோமீட்டரை 83 மணி 12 நிமிடத்தில் கடந்து, ஆண்கள் உட்பட அனைவரையும் முந்தினார். கைக்குழந்தைக்காக இடையிலுள்ள நிறுத்தங்களில் தாய்ப்பால் எடுத்துவைத்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார் என்பதை, மூன்று நாள் உறங்காமல் குழந்தையைப் பார்த்துக்கொண்ட அனுபவம் உள்ள எந்தத் தாயும் என்னைவிட நன்றாகவே அளந்துகொள்வார்.

அவர் 2024 மார்ச்சில் செய்ததை உங்கள் ஊர் அளவில் சொல்கிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலக் காட்டில் நடைபெறும் பார்க்லி ஓட்டம், ஐந்து சுற்றுகளாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர் போகும். மொத்த ஏற்றம் 18,000 மீட்டரை நெருங்கும். கும்பக்கரை அருவியிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஒருமுறை ஏறினாலே மறுநாள் படி இறங்க முடியாது என்பது ஏறியவர்களுக்குத் தெரியும். அந்த ஏற்றத்தைப் போல் பத்து மடங்கு இது. குறியிட்ட பாதை கிடையாது. வழியில் ஒளித்துவைத்த புத்தகங்களிலிருந்து தத்தம் எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்து வந்து, சுற்றை முடித்ததற்குச் சான்றாகக் கொடுக்க வேண்டும். கெடு 60 மணி நேரம். அதுவரை எந்தப் பெண்ணும் முழுமையாக முடித்திராத அந்த ஓட்டத்தை, பாரிஸ் 59 மணி 58 நிமிடம் 21 விநாடியில் முடித்து, அங்குள்ள மஞ்சள் நிற வாயிலைத் தொட்டுவிட்டுச் சரிந்தார். எஞ்சியிருந்தவை 99 விநாடிகள்.

நெடுங்காலம் சாலையே இல்லாதிருந்த வெள்ளகவியில் மூட்டை சுமந்து ஏறியவர்களும், நோயாளியை டோலி கட்டித் தூக்கி இறங்கியவர்களும் சாதனையாளர்கள் இல்லையா என்று அடுத்த கடிதம் வரும் என்பதை அறிவேன். அவர்களுடைய உடல்வலிமை எனக்கும் மலைப்பைத் தருகிறது. ஆயினும் அதை விளையாட்டோடு சேர்த்துப் பாராட்ட என் மனம் இடம் தருவதில்லை. பாரிஸ் விரும்பி ஏறினார். அவர்கள் வேறு வழியில்லாமல் ஏறினார்கள்; கேட்டிருந்தால் பதக்கத்தைவிடச் சாலையைத்தான் கேட்டிருப்பார்கள்.

கேள்வி: இப்போதைய சாதனைகள் எல்லாம் காலணியாலும் ஊக்கமருந்தாலும் வருபவைதானே? இதில் வியக்க என்ன இருக்கிறது?
— ஓய்வுபெற்ற அலுவலர், பெருமாள்மலை

பதில்: உங்கள் ஐயத்தில் பாதி நியாயம். மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை வென்ற ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டபோது, அவரைப் பார்த்து வியந்த என் காலைப்பொழுதுகளையும் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டதாகவே உணர்ந்தேன். காலணிகளும் உதவத்தான் செய்கின்றன. கரிமத் தகடும் தடித்த நுரையும் சேர்ந்த காலணிகள் வந்ததும், சாலை ஓட்டத்துக்கான காலணியின் அடிப்பகுதி 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 2020இல் வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. கென்யாவின் எலியுட் கிப்சோகே 2019 அக்டோபரில் வியன்னாவில் மாரத்தான் தொலைவை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியபோது, முன்னே லேசர் ஒளி காட்டிச் சென்ற காரும், முறைவைத்துக் காற்றை மறைத்து ஓடிய 41 துணை ஓட்டக்காரர்களும் இருந்ததால், அது உலக சாதனையாகப் பதிவாகவில்லை, அதுவே முறை. நானும் அதைத் தனிக் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் கணக்கில் இருந்து அடித்துவிடவில்லை.

காலணிதான் எல்லாம் என்று தோன்றும்போது, எத்தியோப்பியாவின் அபேபே பிகிலாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில், கொடுக்கப்பட்ட காலணி காலுக்குச் சரிப்படாததால், வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடி வென்றார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை போனவர்களுக்குத் தார்ச்சாலை இரண்டாம் நாள் உள்ளங்காலை என்ன செய்யும் என்பது தெரியும். நான்கு ஆண்டுகளுக்குப் பின் டோக்கியோவில், குடல்வால் அறுவை நடந்து சில வாரங்களே ஆன நிலையில், மறுபடியும் அவரே வென்றார். அப்போது காலணி அணிந்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் மீண்டும் எழுதுவீர்கள்.

கேள்வி: கென்யாவைப் போல நம் ஊரும் உயரமான ஊர்தானே? இங்கிருந்து ஏன் ஒரு கிப்டம் வரவில்லை?
— பதினோராம் வகுப்பு மாணவர், பூம்பாறை

பதில்: நல்ல கேள்வி, தம்பி. ஓட்டக்காரர்களுக்குப் பெயர்பெற்ற எல்டோரெட் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானலும் அவ்வளவே. இந்த உயரத்தில் கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவு குறைகிறது. வாரக்கணக்கில் இங்கே வாழும் உடல் சிவப்பணுக்களைப் பெருக்கி அதை ஈடுகட்டுகிறது. சனிக்கிழமை வந்திறங்கும் சுற்றுலாப் பயணி படகுக் குழாமின் படியேறியதும் மூச்சு வாங்குவதும், நீ வாங்காததும் இதனால்தான். ஆனால் எல்டோரெட் வட்டாரத்தில் ஒரு மண்சாலையில் விடிகாலையில் நூறு பேர் ஒன்றாக ஓடுகிறார்கள். பின்தங்கினால் பிழைப்பு போய்விடும் என்ற நிலையில் ஓடுகிறார்கள். இங்கே ஏரிச்சாலையில் காலை ஐந்தரை மணிக்கு நானும், மூஞ்சிக்கல் மளிகைக் கடைக்காரரும், நான்கைந்து நாய்களும்தான். நீ வந்தால் கூட்டம் ஒன்று கூடும்.