துணிப்பையால் அமேசான் பிழைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 36. மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ராத்திரி படுத்ததும் போனில் காட்டுத்தீ, வெள்ளம், வெட்டிச் சாய்த்த மரங்கள் என்றே பார்த்துக்கொண்டிருக்கிறேன், தூக்கம் வருவதில்லை. கடைக்குத் துணிப்பை கொண்டுபோகிறேன், மொட்டைமாடியில் செடி வளர்க்கிறேன். "இதனால என்ன ஆகிடப் போகுது?" என்று கணவர் சிரிக்கிறார். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது.
– பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. உங்கள் துணிப்பையால் அமேசான் காடு பிழைக்காது. ஆனால் எதைச் செய்தாலும் பிழைக்காது என்று அவர் நினைத்தால், அங்கேதான் கணக்கு தப்புகிறது.

2004-ல் பிரேசிலுக்குள் இருக்கும் அமேசானில் ஒரே வருஷத்தில் சுமார் 27,700 சதுர கிலோமீட்டர் காடு போனது. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! 2012-ல் அது 4,600-க்கும் கீழே வந்துவிட்டது. மரீனா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது, மரம் விழும் இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, சூட்டோடு சூடாக அதிகாரிகளை அனுப்பத் தொடங்கினார்கள். புதிதாகக் காடழித்த நிலத்துச் சோயாவை வாங்க மாட்டோம் என்று 2006-ல் பெரிய வியாபாரிகள் ஒப்புக்கொண்டார்கள். 2008-ல் இன்னொரு பிடி: சுற்றுச்சூழல் விதிப்படி நடப்பதாகக் காகிதம் காட்டினால்தான் அங்கே விவசாயக் கடன். கடன் நின்றுவிடும் என்றால் ரம்பத்தைக் கீழே வைக்காத ஆள் உண்டா?

அப்புறம் பிடி தளர்ந்தது, 2021-ல் 13,000. மறுபடி இறுக்கினார்கள், 2024-ல் சுமார் 6,300. எனக்குத் தெம்பு தருவதே இந்த ஏற்ற இறக்கம்தான். தலைவிதி என்றால் இப்படி ஏறி இறங்குமா? ஆனால் அதே 2024-ல் உலகெங்கும் வெப்பமண்டலப் பழங்காடு 67 லட்சம் ஹெக்டேர் அழிந்தது. தீதான் முதல் காரணம். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனசில்லை.

சரி, பிரேசில் தூரம். உங்களுக்குப் பிச்சாவரம் பக்கம்தானே? வெள்ளைக்காரன் காலத்தில் அந்த அலையாத்திக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து, தரை தாம்பாளம் போலக் குழிந்தது. உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பாகிவிட்டது. அப்புறம் அங்கே எதுவும் முளைக்கவில்லை. ஆடு மாடு மேய்க்கிறவர்கள்தான் காட்டை அழித்தார்கள் என்று ரொம்ப நாள் பழி வேறு. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்து, வனத்துறையோடும் ஊர்க்காரர்களோடும் சேர்ந்து, நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் மாதிரி வெட்டினார்கள். கடல் ஓதம் ஏறி இறங்கியது, உப்பு கழுவிப் போனது. கன்றுகள் பிடித்துக்கொண்டன.

கன்று என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். போட்டோ எடுக்கக் குழி தோண்டும் மரம் நடு விழாக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. மகன் பள்ளியில் நட்டால், ஏப்ரல் மாதம் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று முதலில் கேளுங்கள். ஆள் இல்லை என்றால் நீங்களே அந்த ஆளாகலாம். துணிப்பையை விடாதீர்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். உங்கள் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஏரியைப் பற்றி, சதுப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்க ஒரு நிமிஷம் போதும்.

போனை ராத்திரி சமையலறையிலேயே சார்ஜில் போட்டுவிடுங்கள். வருகிற ஞாயிறு வெயில் ஏறுமுன் மகனைப் பிச்சாவரம் கூட்டிப்போய்த் துடுப்புப் படகில் ஏற்றுங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்தது மாதிரி நூற்றுக்கணக்கில் மூச்சுவேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவனை எண்ணச் சொல்லுங்கள். கணவரும் வரட்டும்.