சில்லர் நின்றது, பவளம் வெளுத்தது: யார் பொறுப்பு?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் நான்கு அடி கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய சில்லர் (தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி), நாங்கள் இரண்டு நாள் தைப்பிங் போயிருந்தபோது நின்றுவிட்டது. வந்து பார்த்தால் தண்ணீர் 32 டிகிரி. மீன்கள் பிழைத்தன, பவளங்கள் பல வெளுத்துவிட்டன. ஒரு வருட உத்தரவாதம் இருப்பதால் சில்லரைப் பழுது பார்த்துத் தருகிறாராம் கடைக்காரர், பவளத்துக்குப் பொறுப்பில்லையாம். வெளுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பவளமும், தொட்டியில் ஊற்றும் நல்ல பாக்டீரியா பாட்டிலும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது எதையும் வாங்காதீர்கள், எதையும் தூக்கியும் போடாதீர்கள். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. சூடு தாங்காமல், தனக்குள் வாழ்ந்து உணவு தரும் நுண்பாசியை அது வெளியேற்றிவிட்டது. சதை இன்னும் இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெள்ளை எலும்பின்மேல் கண்ணாடித் தாள்போல மெல்லிய சதை தெரிந்தால், அதன் சிறு உணர்விழைகளின் நுனிகள் கொஞ்சம் நீண்டால், உயிர் இருக்கிறது. சதை உரிந்து எலும்பில் பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அந்த இடம் போனதுதான். அழுகி நாறுவதை மட்டும் உடனே எடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் நச்சான அமோனியா ஏறிவிடும்.

சூட்டை மெதுவாக இறக்குங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி போதும், 26-க்கு வந்தால் நல்லது. பினாங்கு வெயிலில் அதுவரை இறங்காவிட்டாலும், தண்ணீரின் மேல் விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்ததை ஆர்.ஓ. நீரால் (வடிகட்டிய நன்னீர்) நிரப்புங்கள், உப்புநீரால் அல்ல. வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். சோதனையில் அமோனியா தெரிந்தால் பத்து, பதினைந்து விழுக்காடு தண்ணீர் மாற்றுங்கள். நிறம் திரும்ப வாரங்கள், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். அவசரப்பட்டு இப்போது வாங்கும் புதுப் பவளமும் இதே தண்ணீரில்தான் அவதிப்படும்.

சரி, கடைக்காரர் விஷயம். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அது பழுதானதால் வந்த நட்டத்தையும், நிரூபித்தால், கேட்கலாம். "பொறுப்பில்லை" என்று ரசீதில் அச்சடித்து இந்த உரிமையைத் தட்டிக் கழிக்க முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.

ஆனால் ஒன்று கேட்பார்கள்: சில்லரை எங்கே வைத்திருந்தீர்கள்? மூடிய அலமாரிக்குள் காற்றோட்டமில்லாமல் வைத்திருந்தாலோ, பின்புற வலையில் தூசி அடைத்திருந்தாலோ உங்கள் வாதம் பலவீனமாகும். அதனால் சில்லரைப் பழுதுக்குக் கொடுக்கும் முன்பே அது இருந்த இடம், வெப்பமானியின் எண், ஒவ்வொரு பவளம் என எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். ரசீது, உத்தரவாத அட்டை, பவளம் வாங்கிய சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். கோரிக்கையை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்புங்கள். அப்புறம், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.