பிரஷர் மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்ததா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. டெல்மிசார்டானும் தயாசைடும் சேர்ந்த பிரஷர் மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுகிறார். போன மாதம் வயிற்றுப்போக்கில் துவண்டுபோனவர், உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக்கும் போட்டுக்கொண்டார். கிட்னி மந்தமானால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 0.9 இருந்தது 2.6 ஆகிவிட்டது. மருத்துவமனையில் பிரஷர் மாத்திரையை நிறுத்தி சலைன் ஏற்றினார்கள், இப்போது 1.1. மறுபடி டெல்மிசார்டானைத் தொடங்கலாம் என்கிறார் டாக்டர். 'கிட்னியைக் கெடுத்ததே அதுதான், தொடாதே' என்கிறார் சித்தப்பா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: டாக்டர் சொல்வதைத்தான். ஆனால் சித்தப்பா சொல்வதிலும் கால்வாசி உண்மை இருக்கிறது.

சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் வர ஒரு நுண்குழாய், போக ஒன்று. உடம்பில் நீர் வற்றினால் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வெளியேறும் குழாயை இறுக்கி, வடிகட்டும் அழுத்தம் விழாமல் பிடித்துக்கொள்ளும். டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாமே அந்தப் பிடியைத் தளர்த்துகிறவை. மற்ற நாட்களில் இது நல்லதுதான், வடிகட்டிக்குச் சுமை குறையும், சிறுநீரில் புரதம் ஒழுகுவதும் குறையும். வயிற்றுப்போக்கில் வற்றிக் கிடக்கிறவருக்கோ அதுவே வினையாகிவிடும். போதாததற்கு டைக்ளோஃபெனாக் உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது, தயாசைடு இருக்கிற நீரையும் வெளியேற்றுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தாலே டாக்டர்களுக்கு வயிற்றைக் கலக்கும். என்னைக் கேட்டால் முதலில் வலி மாத்திரையைத்தான் பிடித்து உலுக்குவேன். அதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை!

அப்போது நிறுத்தியதற்கு இன்னொரு காரணம் ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியம் என்ற உப்பு. கிட்னி அடிபட்டிருக்கும்போது டெல்மிசார்டான் வகை மாத்திரைகள் அதை இன்னும் ஏற்றிவிடலாம், 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறும். அம்லோடிபின் என்ற இன்னொரு வகை பிரஷர் மாத்திரை இந்த வேலையெல்லாம் செய்யாது. ஆனால் பிரஷரே இறங்கிக் கிடந்தால் அதையும் நிறுத்திவைப்பார்கள். அட்டெனலால் என்ற பிரஷர் மாத்திரை சிறுநீர் வழியாகப் போக வேண்டிய மருந்து, கிட்னி மந்தமானால் உடம்பிலேயே தங்கி நாடித்துடிப்பைக் குறைத்துவிடும். அதற்காக நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், அதிலும் ஆபத்து உண்டு.

சரி, இப்போது? அப்பா நன்றாகச் சாப்பிட்டு, பிரஷர் மறுபடி ஏறி, பொட்டாசியமும் சரியாக இருந்தால் தொடங்கலாம். சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, சிறுநீரில் புரதம் இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த மாத்திரையை நிரந்தரமாக விடுவதுதான் நஷ்டம். தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிடுங்கள். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறி அங்கேயே நின்றால் பொதுவாகப் பயமில்லை, அதைப் பார்த்துப் பதறி மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். தயாசைடு இன்னும் தேவையா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், அடுத்த முறை வாந்தியோ பேதியோ வந்தால் அன்றைக்கே அவருக்குப் போன் செய்து, எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்திவைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இரண்டும் வேண்டாம். பாராசிட்டமால் போதும், அதையும் அளவோடு.