இலவம்பாடி முள்ளு கத்தரியில் முள் குறைந்தால் புது இனமா?

வேலூர் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரியில், நீங்களே எடுத்த விதையில் வந்த செடியில் முள் குறைந்து காயும் நீண்டு வந்திருக்கிறது, இது புது இனமா என்று கேட்கிறீர்கள். புது இனம் இல்லை, கலப்புதான். உங்கள் முள்ளு கத்தரியும் பக்கத்து வரப்பில் இருக்கும் நீளக் கத்தரியும் ஒரே இனம் (species), ரகம்தான் வேறு. இரண்டுக்கும் 24 குரோமோசோம் (செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள்). கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். ஆனால் கருவண்டு சும்மா இருக்காது. பூவைப் பிடித்து ரீங்காரமிட்டு உலுக்கும், மேலெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த தோட்டத்துக்குப் போகும். போன வருடம் நீங்கள் எடுத்த விதையிலேயே கலப்பு நடந்திருக்கும். காய் நீண்டு வந்ததும் அதனால்தான்.

சந்தேகமா? முள் குறைந்த செடியில் சில மொட்டுகளை விரியும் முன்பே மெல்லிய துணியால் மூடுங்கள் (பிளாஸ்டிக் வேண்டாம், வேலூர் வெயிலில் வெந்துவிடும்). அந்த விதையில் இருபது நாற்றாவது விடுங்கள். முள்ளோடும் முள்ளில்லாமலும் கலந்து வந்தால் உறுதி.

அதற்காகக் கலப்பில் புது இனமே பிறக்காது என்று நினைக்க வேண்டாம். ரொட்டிக் கோதுமை அப்படி வந்ததுதான்: 28 குரோமோசோம் கோதுமையும் 14 உள்ள காட்டுப் புல்லும் சேர்ந்து 42.