வாசகர் கேள்வி – பதில்: இணையத்தில் வாங்கும் தங்க நாணயம் அசல்தானா?

கேள்வி: இணைய விற்பனைத் தளம் ஒன்றில் 10 கிராம், 24 கேரட் தங்க நாணயத்தை, நகைக்கடை விலையைவிடக் கிராமுக்கு எண்ணூறு ரூபாய் குறைவாகப் போட்டிருக்கிறார்கள். சான்று அட்டை, முத்திரை எல்லாம் படத்தில் சரியாகவே தெரிகின்றன. நம்பி வாங்கலாமா? வந்த பிறகு வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?
– வாசகி, கரூர்

பதில்: படத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. படத்தில் இருப்பது அசலாகவும் கைக்கு வருவது வேறாகவும் இருக்கலாம். முதலில் விலையைக் கூறுபோட்டுப் பாருங்கள். அன்றைய தங்க விலை, அதன்மீது 3 சதவீத ஜிஎஸ்டி, பிறகு செய்கூலி ஆகியவை சேர்ந்ததே நாணயத்தின் விலை. விற்பவர் செய்கூலியை விட்டுக்கொடுக்கலாம். கிரெடிட் கார்டு சலுகையாக ஒரு பகுதியை வங்கி ஏற்கலாம். இவை எதுவும் இல்லாமல் தங்கத்தின் விலைக்கும் கீழே ஒருவர் விற்கிறார் என்றால், அதை உருக்கி விற்றாலே கூடுதலாகக் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்று யோசியுங்கள். தளத்தின் பெயர் பெரிதாக இருந்தாலும், அதில் விற்பவர் வேறொரு நிறுவனமாக இருப்பதுண்டு. 'விற்பனையாளர்' என்ற இடத்தில் உள்ள பெயரைப் பார்த்து, அது நாணயத்தை அச்சிட்ட நிறுவனமோ அதன் அங்கீகாரம் பெற்ற முகவரோ இல்லையெனில் விட்டுவிடுவதே நல்லது.

வீட்டுச் சோதனைக்கு 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு போதும். தங்கம் மிக அடர்த்தியான உலோகம். ஒரு கன சென்டிமீட்டர் 19.3 கிராம் இருக்கும். பித்தளை ஏறத்தாழ 8.5, வெள்ளி 10.5, ஈயம் 11.3 கிராம்தான். எனவே பித்தளைக்கு முலாம் பூசிய போலி, எடையில் ஒத்துப்போனால் தடிமனில் இரு மடங்குக்கு மேல் போய்விடும். அளவில் ஒத்துப்போனால் எடையில் பாதிகூட வராது. தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, அளவைச் சுழியமாக்கிவிட்டு, நாணயத்தை நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல், முழுதும் நனையும்படி தொங்கவிடுங்கள். 10 கிராம் சுத்தத் தங்கமானால் தராசு 0.52 கிராம் காட்டும், வெள்ளியானால் 0.95, பித்தளையானால் 1.18. நாணயத்தில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு மாறும் என்பதால் இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25 என்பதால் அதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. ஆனால் டங்ஸ்டன் மிகக் கடினமானது, எளிதில் உடையக்கூடியது. அதில் நுணுக்கமான உருவத்தை அச்சிட முடியாது. ஆகவே அதை உள்ளே வைத்து மேலே தங்கம் பொதிவதே வழக்கம். அந்த மெனக்கெடலுக்குப் பெரிய கட்டிகளில்தான் ஆதாயம் உண்டு. நகைக்கடைகளில் தங்கத்தின் தூய்மையை அளக்கும் கேரட் மீட்டரும் மேற்பரப்பை மட்டுமே படிக்கும்; தடித்த தங்கப் போர்வைக்குள் இருப்பதை அது அறியாது. காந்தச் சோதனையை நம்பவே வேண்டாம். பித்தளை, செம்பு, ஈயம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது.

கேள்வி: எனக்கு வந்த நாணயத்தில் ஹெச்யூஐடி எனப்படும் ஹால்மார்க் அடையாள எண் இல்லை. போலியா?
– வாசகர், தென்காசி

பதில்: அதனால் மட்டும் போலியாகிவிடாது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து–எண் கொண்ட அந்தக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது தங்க நகைகளுக்கும் கலைப்பொருட்களுக்குமே. எண் இருந்தால், அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் இட்டு, காட்டும் பொருளின் வகையையும் தூய்மையையும் கவனியுங்கள். ஏதோ ஒரு மோதிரத்தின் எண்ணை நாணயத்தில் பொறித்திருந்தால் அங்கே மோதிரம் என்றே வரும்.

கேள்வி: பழைய ஜார்ஜ் மன்னர் பவுன் என்று ஒருவர் சமூக ஊடகத்தில் விற்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், காரைக்குடி

பதில்: அந்தப் பவுன், அதாவது பிரிட்டிஷ் சவரன் நாணயம், 22 கேரட், எடை 7.99 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், தடிமன் 1.52 மில்லிமீட்டர். மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையில் ஏறத்தாழ 0.45 கிராம் காட்ட வேண்டும். ஆண்டையும் பாருங்கள்: 1940 முதல் 1949 வரையிலான எந்த ஆண்டும் பொறித்த சவரன் அச்சிடப்படவே இல்லை. பம்பாயில் அச்சிடப்பட்டதும் 1918-இல் மட்டுமே. அதில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து சிறிதாக இருக்கும். இங்கே குழப்பம் என்னவென்றால், போலிச் சவரன் எல்லாமே பித்தளை அல்ல. 1950-களில் மிலானிலும் பெய்ரூட்டிலும் உண்மையான தங்கத்திலேயே போலிகள் அச்சிடப்பட்டன. அவற்றை எதிர்கொள்ளவே பிரிட்டன் 1957-இல் மறுபடியும் சவரன் வெளியிடத் தொடங்கியது. எனவே எடையும் தூய்மையும் சரியாக இருந்தாலும் தங்கத்தின் விலையைத் தரலாமே தவிர, 'அரிய நாணயம்' என்பதற்காகக் கூடுதல் தொகை தர வேண்டாம்.

கேள்வி: பார்சலில் போலி வந்தால் என்ன செய்வது?
– வாசகி, ஓசூர்

பதில்: உறையைப் பிரிப்பதற்கு முன்பிருந்தே, முகவரிச் சீட்டு தெரியும்படி வெட்டின்றிக் காணொளி எடுங்கள், நாணயத்தைத் தராசில் வைப்பதும் அதே காணொளியில் இருக்கட்டும். முத்திரையிட்ட சான்று அட்டையைக் கிழிப்பதற்கு முன் யோசியுங்கள், ஏனெனில் பிரித்ததைத் திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்கக்கூடும். அட்டையோடு நிறுத்துப் பார்த்து ஐயம் வந்தாலே முறையிடலாம். பணம் போய், விற்பவர் தொடர்பை முறித்துக்கொண்டால், நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். விற்பவர் இருந்தும் பொறுப்பேற்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லையெனில், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.